பவுனுவின் வலது கை

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானம். மத்தியானம் மூன்று மணி வெயில். முகத்தில் கம்பி வைத்த முகமூடி, நெஞ்சில் பஞ்சடைத்த கவசம், அதற்குள் வியர்வையில் ஊறிப்போய் நான். மாவட்ட இறுதிப் போட்டி. ஏழு இன்னிங்ஸில் ஐந்து முடிந்திருந்தது. ஆறுக்கு ஐந்து என்று நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால் இருந்தோம்.

பந்து வீசிக்கொண்டிருந்த ஹேமா அக்கா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். பதினோராம் வகுப்பு. காலையில் அரையிறுதி, மத்தியானம் இறுதி, இரண்டுக்கும் அவள் ஒருத்தியேதான். வேகம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். வீசுகிறவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் நான். காலையில் சுரீரென்று விழுந்த பந்து இப்போது சாதுவாக வந்து கையில் உட்கார்ந்தது.

எங்களிடம் இன்னொரு கை இருந்தது, ஹேமா அக்காவின் கையைவிட வேகமான கை. அது மைதானத்தின் வலது கோடியில், பந்தே அதிகம் வராத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு பவுனு. முழுப் பெயர் பவுனம்மாள். எங்கள் பி.டி. மிஸ் அவளைப் போட்டிகளில் அங்கேதான் நிறுத்துவார், பந்து வீச மட்டும் விட மாட்டார்.

அன்றைக்கு அவள் வீசவில்லை என்றால் இனி எப்போதுமே வீசப்போவதில்லை. அந்த மைதானத்தில் இது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பெட்டி வந்த கதை

கேம்ப் ரோட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார், அந்தக் காலத்துச் சேலையூரில் பெண் பிள்ளைகளுக்கு பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று.

பேஸ்பால் இல்லை அம்மா, சாஃப்ட்பால். பேஸ்பாலின் தங்கச்சி. பந்து கொஞ்சம் பெரியது. தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறியாமல், கீழிருந்து வீச வேண்டும். பேர்தான் சாஃப்ட். என் இடது கை ஆள்காட்டி விரல் இன்றைக்கும் கோணலாக இருப்பது அந்த சாஃப்டான பந்தின் உபயம்.

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸுக்கே சரியாகத் தெரியாது. உள்ளே நான்கு மட்டை, ஒரு முகமூடி, பந்துகள், தோல் வாசனை அடிக்கும் கிளவுஸ்கள். பி.டி. மிஸ் ரோஸலின் மட்டும் பெட்டியைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ட்ரெயினிங்கில் படித்தபோது இந்த ஆட்டத்தை அவர் ஆடியிருக்கிறார்.

“ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் போட்டுக்குங்க” என்றார்.

போட்டுக்கொண்டோம். ஒருத்தி விடாமல் எல்லோரும் வலது கையில். அது இடது கைக்கென்று தைத்தது. கட்டைவிரல் போகிற இடத்தில் சுண்டுவிரலைத் திணித்துக்கொண்டு, கையைத் திருகிக்கொண்டு நின்றோம்.

“இடது கையில போடுங்கடி. வலது கை எறியறதுக்கு.”

“இடது கையாலயா மிஸ் பிடிக்கிறது?”

“ஆமா.”

யாருக்கும் மனசு ஒப்பவில்லை. கோயிலில் விபூதி வாங்குவதும் சர்ச்சில் காணிக்கைப் பையை அடுத்தவருக்கு நீட்டுவதும் வலது கையால். இடது கையால் ஒரு பொருளை வாங்கினால் வீட்டில் கன்னம் பழுக்கும். மிஸ்ஸுக்குப் பயந்து கிளவுஸை இடது கையில் மாட்டிக்கொண்டோமே தவிர, பந்து வந்ததும் எங்கள் வெறும் வலது கைதான் முந்திக்கொண்டு போய் அடி வாங்கியது. இதை மாற்ற மிஸ்ஸுக்கு ஒரு மாதம் பிடித்தது. கடைசியில் அவர் எல்லோர் வலது கையையும் தாவணித் துண்டால் முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டுப் பந்தை எறிந்தார்.

இன்னொரு கூத்தும் நடந்தது. எங்கள் அண்ணன் தம்பிகள் ஆடும் கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பந்தை அடித்ததும் மட்டையைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடி, முதல் பேஸ் என்கிற மூலையில் அதைத் தரையில் ஊன்றி நிற்போம். மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவது ஏதோ செருப்பை விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

எருமையின் மூக்குக்கு முன்னால்

பவுனு முதலில் அணியில் இல்லை. பள்ளி விட்டதும் ஓடிவிடுவாள். அவள் அப்பா முனுசாமி சேலையூரின் பழைய குடும்பம். ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது. காலனிகள் வர வர அதை மனை மனையாக விற்றுக்கொண்டிருந்தார், ஆனாலும் எருமைகளை விடவில்லை. சாயங்காலம் அவற்றை ஏரியிலிருந்து ஓட்டி வருவது பவுனுவின் வேலை.

ஒரு நாள் நான் விட்ட பந்து உருண்டு பள்ளி வேலி வரைக்கும் போய்விட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்த பவுனு அதை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே எறிந்தாள். பந்து நேராக என் கிளவுஸுக்குள் வந்து விழுந்தது. நான் கையை நகர்த்தவே இல்லை.

மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏய், இங்க வா. உன் பேரென்ன?”

“பவுனு மிஸ்.”

“யார் கிட்ட கத்துக்கிட்ட இப்படி எறியறதுக்கு?”

“எருமைங்கோ மிஸ்.”

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினாள். எருமை தண்ணிக்குள் இறங்கிப் படுத்துவிட்டால் கூப்பிட்டால் வராது. கல்லை எறிந்துதான் திருப்ப வேண்டும். “மேல பட்டா எங்கப்பா தோலை உரிச்சிடுவாரு. மூக்குக்கு முன்னால உழுவணும் மிஸ். அப்போதான் திரும்பும்.”

மறுநாளிலிருந்து எருமைகளை அவள் தம்பி ஓட்டினான். மிஸ் போய் என்ன பேசினார் என்று தெரியாது. கீழிருந்து வீசப் பழகுவதற்கு அவளுக்கு ஒரு வாரம் கூட ஆகவில்லை. ஏரியில் ஓட்டாஞ்சில்லு விட்டுத் தவளை மாதிரி தத்த வைக்கிற கை அது. நான் குந்தி உட்கார்ந்து கிளவுஸை எங்கே காட்டுகிறேனோ அங்கே வரும். முழங்காலுக்கு என்றால் முழங்காலுக்கு, தோளுக்கு என்றால் தோளுக்கு. இடது உள்ளங்கை சிவந்து, வீட்டில் ஒரு குடத்தைக்கூடத் தூக்க முடியாமல் நின்றேன். “பொம்பளப் புள்ள குந்தி ஒக்காந்து பந்து பிடிக்கிறதைப் பாரு” என்று அம்மா அலுத்துக்கொள்வார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

“போதும்”

இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் வேறு யாராக இருந்தாலும் அடுத்த வாரமே போட்டியில் இறக்கியிருப்பார்கள். ரோஸலின் மிஸ் இறக்கவில்லை.

மிஸ் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி நாங்கள் பார்த்ததில்லை. கரும்பலகையில் பாதிக்குக் கீழேதான் எழுதுவார். கொண்டை அவிழ்ந்தால் இடது கையாலேயே சுற்றிச் செருகுவார். அவர் ஈட்டி எறிந்தவர். எங்கள் வயசிலேயே அவர் ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாதாம். பள்ளிக்கு ஒரு கப், காலேஜுக்கு ஒரு கப், சபைக்கு ஒரு கப் என்று ஆளாளுக்கு எறியச் சொன்னார்கள். பதினெட்டு வயசில் தோள் போய்விட்டது. இதை அவர் கதையாகச் சொன்னதில்லை, நடுநடுவே ஒன்றிரண்டு வரியாகச் சொன்னதை நாங்கள் சேர்த்துத் தெரிந்துகொண்டோம்.

அதனால் பவுனுவுக்கென்று தனிச் சட்டம். ஒரு நாளைக்குக் கொஞ்சம் பந்துதான். அவள் சூடு பிடித்து, முகம் மலர்ந்து, பந்து விர்ரென்று வர ஆரம்பிக்கும்போது மிஸ் “போதும்” என்பார். பிறகு ஸ்கிப்பிங். பிறகு இடது கையால் எறிதல். ஒரு வாரம் முதல் பேஸில் நிற்க வேண்டும், ஒரு வாரம் தூரத்தில், ஒரு வாரம் என் இடத்தில் கேட்சராக. பதினைந்து வயசு வரைக்கும் போட்டியில் பந்து வீச்சு கிடையாது. போட்டி என்று வந்தால் பிள்ளைகள் உடம்பு தாங்குவதற்கு மேலே வீசிவிடும், எலும்பு இன்னும் முற்றவில்லை என்பார்.

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இது பிடிக்கவில்லை. மைதானத்துக்கே வந்து கேட்டார்.

“ரோஸலின், கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே. இந்த வருஷமே கப் வந்துடுமே?”

“மூணு வருஷம் பொறுங்க மேடம். கப் என்ன, அவ ஸ்டேட்டுக்கே ஆடுவா. இப்ப விட்டா இவளும் என்னை மாதிரி பாதி போர்டுலதான் எழுதுவா.”

ஹெட்மிஸ்ட்ரஸ் கப் வைக்க ஆபீஸ் ரூமில் ஒரு கண்ணாடி அலமாரி மட்டும் செய்யச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கு என் பேத்தியை டென்னிஸுக்கு அழைத்துப் போகிற இடத்தில், சின்ன வயசில் அதிகம் போட்டி ஆட விடக் கூடாது, எல்லா விளையாட்டும் ஆட வேண்டும், நிதானமாக வளர வேண்டும் என்று படம் போட்டுப் பாடம் எடுக்கிறார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொள்வேன். இதையெல்லாம் ரோஸலின் மிஸ் ஒரு விசிலும் ஒரு வார்த்தையுமாக அப்போதே செய்தார். அவர் செய்தது அத்தனையும் சரி. சரியான காரியம் எல்லோருக்கும் சரியாக வந்துவிடுவதில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

மாவட்டப் போட்டிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது பவுனு என் கையைப் பிடித்துப் பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“மேபலு, நான் பெரியவளாயிட்டேன். காத்தால.”

எனக்கு அது ஒரு வருஷத்துக்கு முன்பே ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா, அப்பா இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள். அம்மா ஒரு தாவணி வாங்கிக் கொடுத்து, இரண்டு நாள் உளுந்தங்களி கிண்டிப் போட்டு, மூன்றாம் நாள் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். அதனால் எனக்கு அவள் முகத்தில் இருந்த கலவரம் முதலில் புரியவில்லை.

“உங்கம்மா கிட்ட சொன்னியா?”

“சொன்னா அவ்ளோதான். எங்கக்காவ எட்டாவதுல நிறுத்தினாங்கோ. ஓலை கட்டி ஒக்கார வச்சி, சடங்கு சுத்தி, அப்பால இஸ்கூலு பக்கமே உடல. நானும் அப்படித்தான்.” கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். “மிஸ் மூணு வருஷம் மூணு வருஷம்னு சொல்லிகினு கீறாங்கோ. மூணு வருஷம் கழிச்சி நான் எங்க இருப்பேன்?”

 அவளுக்குப் பதின்மூன்று வயசு. எங்கள் எல்லோருக்கும் முன்னால் நீளமாகக் கிடந்த வருஷங்கள் அவளுக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. 

“மிஸ் கிட்ட சொல்லலாம் வா.”

“வேணா. மிஸ் நேரா எங்கப்பா கிட்ட பேசப் போவாங்கோ. அப்புறம் இந்த மேட்ச்சும் பூடும். செங்கல்பட்டு மேட்ச்ல ஒரு தபாவாச்சும் போட உடுவாங்கோ. ஹேமாக்கா களைச்சிப் போவாங்கோ இல்ல? அது வரைக்கும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. உங்க சாமி மேல சத்தியம் பண்ணு.”

எங்கள் வேதத்தில் சத்தியம் பண்ணக் கூடாது என்று போட்டிருக்கிறது என்றேன்.

“அப்போ எங்க சாமி மேல பண்ணு.”

செல்லியம்மன் மேல் சத்தியம் செய்தேன்.

ஒன்றரை மாதம் மறைப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் வீட்டில் ஏழரை மணிக்கெல்லாம் அம்மாவும் அப்பாவும் கிளம்பிவிடுவார்கள். கணக்குப் போட வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த நாட்களில் பவுனு காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கொல்லையில் துணியை அலசி, செம்பருத்திச் செடிக்குப் பின்னால் கொடி கட்டிக் காயப் போடுவாள். அவள் வீட்டில் தெரிந்தால், தீட்டோடு அடுப்படிக்கும் சாமி இடத்துக்கும் போயிருக்கிறாளே என்று பெரிய ரகளையே ஆகும். அவளுக்கு அந்தப் பயமும் இருந்தது. விளக்கேற்றும் நேரமானால் வயிற்று வலி என்று சொல்லித் தாழ்வாரத்திலேயே சுருண்டு படுத்துக்கொள்வாளாம்.

பயிற்சிக்கு மட்டும் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. மிஸ் “போதும்” என்றதும் பந்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொள்வாள். முன்பெல்லாம் “இன்னும் ஒண்ணே ஒண்ணு மிஸ்” என்று கெஞ்சுவாள். அந்த நாட்களில் கெஞ்சவில்லை. எல்லாவற்றையும் செங்கல்பட்டுக்குச் சேர்த்து வைத்திருந்தாள்.

முகமூடிக்குள்ளிருந்து

இனி ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தது. மிஸ் ஹேமா அக்காவுக்கு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து, “இன்னும் ரெண்டுதான்மா, தாக்குப் பிடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பவுனு வலது கோடியிலிருந்து நடந்து வந்து, ஒன்றும் கேட்காமல், எல்லோருக்கும் பின்னால் நின்றாள். மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் அவளைப் பார்க்கவில்லை.

நான் எழுந்து மிஸ்ஸிடம் போனேன். முகமூடியைக் கழற்றக்கூட இல்லை.

“மிஸ், பவுனுவைப் போட விடுங்க.”

“பதினைஞ்சு வயசு வரைக்கும் மேட்ச்ல கிடையாதுன்னு சொல்லியிருக்கேன் இல்ல?”

“அவ பதினைஞ்சு வயசுல நம்ம கிட்ட இருக்க மாட்டா மிஸ்.”

மிஸ் திரும்பினார். “என்ன சொல்றே?”

“அவ பெரியவளாயிட்டா. ஒன்றரை மாசம் ஆச்சு. இந்த மேட்ச்சுக்காக வீட்டுல சொல்லாம இருக்கா. இன்னைக்கு ராத்திரி சொல்லிடுவா. நாளையிலேருந்து அவளுக்கு ஸ்கூல் கிடையாது.”

செல்லியம்மன் மேல் செய்த சத்தியத்தை நான் மீறியது இப்படித்தான். செல்லியம்மன் இதுவரைக்கும் என்னை ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

மிஸ் இடது கையால் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அது சரியாகத்தான் இருந்தது. அம்பயர் எங்களைக் கூப்பிட்டு விசில் ஊதினார்.

“பவுனு” என்றார் மிஸ். “வா. நீ போடு.”

பவுனு என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. ஹேமா அக்கா பந்தை அவள் கையில் வைத்துவிட்டு, நிம்மதியாக வலது கோடிக்கு நடந்தாள்.

முதல் பந்து வந்த சத்தத்தை நான் மறக்கவில்லை. எதிரணிப் பெண் மட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் அது என் கையில் இருந்தது. அவள் திரும்பி என் கிளவுஸைப் பார்த்தாள். அடுத்தது முழங்கால் உயரத்தில் வந்தது, அதற்கடுத்தது நெஞ்சுக்கு நேரே. பயிற்சியில் மிஸ் “போதும்” சொல்லும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தைத் தாண்டிப் பவுனு வீசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகும் வேகம் கூடிக்கொண்டேதான் போயிற்று. எனக்கு வலி உச்சந்தலைக்கு ஏறியது, ஆனாலும் சிரித்துக்கொண்டே பிடித்தேன்.

இரண்டு இன்னிங்ஸிலும் எதிரணியில் ஒருத்தி கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. ஒரே ஒருத்தி மட்டையில் தொட்டாள். அது மேலே எழும்பி எனக்குப் பின்னால் வந்தது, பிடித்துவிட்டேன்.

ஜெயித்தோமா என்று கேட்பீர்கள். இல்லை. பந்து வீசுகிறவள் எதிரி ஓட்டத்தைத்தான் நிறுத்த முடியும், எங்களுக்கு ஓட்டம் நாங்கள்தானே எடுக்க வேண்டும். நாங்கள் எடுக்கவில்லை. ஆறுக்கு ஐந்திலேயே முடிந்தது. கடைசியாக அவுட் ஆனது நான். எல்லோரும் அழுதார்கள், பவுனுவைத் தவிர. அவள் வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புடவையைக் கிழித்த எலி

திரும்பி வரும்போது பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் அவளும் நானும். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும்போது அவள் கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம். வீட்டில் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

“இன்னைக்கித்தான் ஆச்சின்னு சொல்லுவேன்.”

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்து மூலையில் தென்னங்கீற்று மறைப்புக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். தொடக் கூடாது என்று சொல்லி என்னைத் தள்ளியே உட்கார வைத்தார்கள். அவள் அம்மா தண்ணி எடுக்க வெளியே போனதும் பவுனு குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அம்மாவுக்கு அப்பவே தெரியுமாம்டீ.”

“எப்படி?”

“நான் சொன்னேன், இன்னைக்கித்தான்மான்னு. அது இன்னா சொல்லுது, ‘என் பழைய பொடவையில பாதி காணோம், ஒன்றரை மாசமா எலியா கிழிச்சிகினு இருந்திச்சி? பந்து ஆட்டம் முடியட்டும்னு பாத்துகினு இருந்தேன்’னுது.”

அந்த அம்மா மகள் ஆடி ஒரு நாளும் பார்த்தவரில்லை. சாஃப்ட்பால் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அடுப்படித் தீட்டையும் சாமிக் குத்தத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவரால் முடிந்தது அவ்வளவு. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சுமாரான ஆட்டக்காரி. வேகமாக ஓடமாட்டேன், மட்டையும் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் யாரும் என்னை நிறுத்தவில்லை. பள்ளி முடித்தேன், காலேஜ் போனேன், அங்கேயும் முகமூடி போட்டேன். பவுனுவின் பந்தைப் பிடித்த கைக்கு அதற்குப் பிறகு யார் பந்தும் பெரிதாகத் தெரியவில்லை. மாநில அணியில் சேர்த்துக்கொண்டார்கள், அதை வைத்து ஒரு நல்ல வேலையும் கிடைத்தது. இந்தத் தொடரை எழுத என்னைக் கூப்பிட்டதும் அதனால்தான். விளையாட்டில் கடைசி வரைக்கும் வந்தவர்கள்தான் திறமைசாலிகள் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. எங்களைப் போலக் கடைசி வரைக்கும் வந்தவர்களில் பாதிப் பேர், வர விடப்பட்டவர்கள்.

சடங்கு வீட்டில்

பதினாறாம் நாள் சடங்கு. ஏரிக்கரை முனையிலிருந்தே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. வாசலில் வாழைமரம், பந்தல், வரிசைத் தட்டுகள் எடுத்து வந்த தாய்மாமன் வீட்டார். எங்கள் அணி மொத்தமும் போயிருந்தோம். ரோஸலின் மிஸ் பட்டுப் புடவை கட்டி வந்தார். வெள்ளைப் புடவை, கேன்வாஸ் ஷூ தவிர வேறெதிலும் அவரை நாங்கள் பார்த்ததில்லை, அதனால் வாசலில் நின்றது யார் என்று தெரியவே கொஞ்ச நேரமாயிற்று.

முனுசாமி ஓடி வந்து மிஸ்ஸுக்கு நாற்காலி போட்டார். மிஸ் உட்காரவில்லை.

“பவுனுவை ஸ்கூலுக்கு அனுப்புங்க. பதினோராவது வரைக்கும் முடியாட்டாலும் பத்தாவது வரைக்கும். நானே வந்து கூட்டிட்டுப் போயி, நானே கொண்டு வந்து விடறேன்.”

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“டீச்சரம்மா, நீங்கோ இவ்ளோ தொலவு வந்து கேக்கறீங்கோ. உங்க பேச்சைத் தட்டறேன்னு நெனைக்காதீங்கோ. மூத்தவளும் இஸ்கூலுக்குப் போறேன்னு அழுதா. அவளை எட்டாவதுல நிறுத்தி ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டேன். அதோ நிக்கிறா பாருங்கோ, கொயந்தையோட. இவளை அனுப்பிட்டு, அவ மூஞ்சை நான் எப்படிம்மா பாக்கறது?”

அக்கா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அவள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

 எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் அதற்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. முனுசாமி கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

உள்ளே போனோம். பவுனுவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அரக்குச் சிவப்புப் பட்டுப் புடவை, தலை நிறைய பூ, கழுத்து கொள்ளாத மாலை. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், பக்கத்திலிருந்த பெண்கள் அழுத்தி உட்கார வைத்தார்கள்.

மிஸ் அவள் நெற்றியில் சந்தனம் வைத்தார். கையில் ஒரு பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“உன்னை இன்னும் நாலு மேட்ச்லயாவது போட விட்டிருக்கணும் பவுனு. சின்னப் பொண்ணு, கை கெட்டுப் போயிடுமேன்னு பயந்துட்டேன்.”

மிஸ் குரல் உடைந்ததைக் கேட்டு பவுனு பதறிவிட்டாள். வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, வலது கையை நீட்டி இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக் காட்டினாள்.

“கெட்டே போவல மிஸ். பாருங்கோ, புத்தம் புதுசா அப்படியே கீது.”

மிஸ்ஸுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவள் அதைச் சொன்னாள். மிஸ் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பந்தியில் இலை போட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.